அண்ணிக்குப் பின்னால் ஒரு சக்கரம்

மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பின்னால் வருவது யார் என்று திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திரும்பினால் முன் சக்கரம் கல்லில் ஏறிவிடும். பிறகு கையில் கட்டுப் போட்டுக்கொண்டு கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியதுதான். அதனால் ஆளைக் காதால்தான் தெரிந்துகொள்வார்கள். இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தியதும் பின் சக்கரத்து ஃப்ரீவீல் சத்தம் போடும் அல்லவா, அது வண்டிக்கு வண்டி மாறும். ஒன்று நகம் வெட்டுகிற மாதிரி டிக் டிக் என்று நிதானமாக வரும். ஒன்று ஜிப்பை ஒரே இழுப்பாக இழுத்த மாதிரி போகும். பழகியவர்களுக்கு இன்னார் வருகிறார் என்று முகம் பார்க்காமலே தெரிந்துவிடும்.

அண்ணிக்குப் பின்னால் வரும் சத்தத்துக்கு உரியவள் செத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

அண்ணி என்றால் யாருக்கு அண்ணி என்று கேட்பது நியாயம்தான். சைக்கிள் குழுவில் அவளைவிட வயதில் மூத்த ஆண்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதலில் கூப்பிட்டவள் ஒருத்திதான், அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. காடே அதிரும்படி "அண்ணி! அண்ணி!" என்று கத்திக்கொண்டே வருவாள், கேட்டுக் கேட்டு எல்லார் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. நாத்தனாருக்குக் குழு வைத்த பேர் வாலு. அண்ணியின் பின் சக்கரத்தை விட்டு ஒரு முழம் விலக மாட்டாள் என்பதால் வந்த பேர். வாயும் அப்படியே இருந்ததால் யாரும் மாற்றச் சொல்லவில்லை.

அண்ணி கல்யாணமாகி வந்தபோது வாலு பள்ளிக்கூடப் பெண். தாய் தகப்பன் இல்லை, அண்ணன் வளர்த்த பிள்ளை. அவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர், அளந்துதான் பேசுவார். பெண் பார்க்க வந்த அன்றே, "என் தங்கச்சியும் எங்ககூடத்தான் இருப்பா. அதுக்குச் சம்மதம்னா மேல பேசலாம்" என்று சொல்லிவிட்டார். அண்ணியின் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து பயமுறுத்தினார்கள். அவர்கள் பயமுறுத்தியது வீண் போகவில்லை. முதல் ஒரு வருஷம் வீட்டில் தினம் ஒரு குடுமிப்பிடிச் சண்டை. குளியலறையில் யார் முதலில், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, எல்லாவற்றுக்கும் சண்டை.

அப்புறம் வாலு எங்கிருந்தோ ஒரு பழைய மலைச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அண்ணி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டு, "உங்களால முடியாது அண்ணி, இது வேற மாதிரி" என்றாள். அண்ணியிடம் இந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. அந்த வாரமே முட்டி, முழங்கை, கன்னம் எல்லாவற்றையும் தேய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அடுத்த வருஷம் இரண்டு பேரும் உள்ளூர் பந்தயத்தில் பேர் கொடுத்தார்கள். காட்டுக்குள் ஒரு சுற்றுப் பாதை: ஏற்றம், மரக்கூட்டம், உச்சியிலிருந்து பாறை இறக்கம். அதையே மூன்று தடவை சுற்ற வேண்டும். ஜெயித்தால் பேப்பர் கிளிப் போட்டு வைக்கிற அளவுக்கு ஒரு கோப்பை கொடுப்பார்கள். அதற்காக மனுஷர்கள் நுரையீரல் வாய்க்கு வரும்வரை மிதிப்பார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

அந்தப் பந்தயத்தில் பெண்கள் பிரிவில் அண்ணி மூன்று தடவை முதலாவதாக வந்தாள். மூன்று தடவையும் வாலு இரண்டாவது.

பந்தயத்தில் ஒரு மரியாதை உண்டு. பின்னால் வருகிறவர் வேகமாக வந்தால் "வழி!" என்பார், முன்னால் இருப்பவர் ஒதுங்கிக் கொடுக்க வேண்டும். வாலு ஒருநாளும் வழி கேட்டதில்லை. "முன்னாடி போறியாடி?" என்று அண்ணி எப்போதாவது பேருக்குக் கேட்பாள். "வேணாம் அண்ணி, உங்க சக்கரத்தைப் பாத்துக்கிட்டே வந்தா நான் யோசிக்கவே வேணாம். மூளைக்கு லீவு" என்பாள் அவள். ஆனால் பாறை இறக்கத்தில் பின்னாலிருந்து இன்னொரு சத்தமும் வரும். பிரேக் முனகுகிற சத்தம். அண்ணி பிரேக் பிடிக்காத இடத்தில் வாலு பிடிப்பாள். முன்னால் இருப்பவளை இடித்துவிடாமல், தாண்டிவிடாமல், தன் வேகத்தைத் தானே கட்டிப்போடுகிற சத்தம் அது. அண்ணிக்குத் தெரியும். தெரிந்தும் ஒதுங்கவில்லை. கோப்பை அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

வாலு சைக்கிளில் விழுந்து சாகவில்லை. பயணச்சீட்டு விற்கிற அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவள், தண்ணீர் எடுக்க நாற்காலியை விட்டு எழுந்தாள், விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். யார் மேலும் கோபப்பட இடம் இல்லை. அண்ணன் அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. மறு வாரம் மருந்துக்கடைக்குப் போய் வழக்கம்போல எல்லாருக்கும் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணியின் வேலை, கேட்கிறதா கேட்கவில்லையா என்று பார்க்கிற வேலை. காது மருத்துவமனையில் ஒரு கூண்டு இருக்கிறது. சுவர் முழுக்கத் தடித்த பஞ்சு, குளிர்பதனப் பெட்டிக்கு இருக்கிற மாதிரி கனத்த கதவு, சின்னக் கண்ணாடி ஜன்னல். உள்ளே வருகிறவருக்கு ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "எவ்வளவு சின்னதா கேட்டாலும் அமுக்குங்க. கேட்ட மாதிரி இருந்தாலும் அமுக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொள்வாள். பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவாள். சத்தமே அனுப்பாதபோதும் அமுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அவள் நினைப்பதில்லை. கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை விரலுக்கு வந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

தனக்கு அப்படி ஒன்று வரும் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

வாலு போன பிறகு முதல் தடவையாக மலைக்குத் தனியாகப் போனபோதுதான் அது நடந்தது. உச்சியில் மிதிப்பதை நிறுத்தி இறக்கத்தில் உருண்டாள். அவளுடைய சக்கரம் டிக் டிக் என்றது. அதற்குப் பின்னால், கொஞ்சம் மேலே, வண்டு ரீங்கரிக்கிற மாதிரி நீளமாக ஒரு கிர்ர்ர். அந்தச் சத்தத்தை அவள் ஆயிரம் சத்தத்தில் பிரித்துச் சொல்லிவிடுவாள். அந்தச் சக்கரமோ வீட்டில் பின்னறைச் சுவரில், வாலுவின் வண்டியோடு சேர்ந்து தொங்குகிறது. அண்ணிக்கு முதுகெல்லாம் சில்லிட்டுப்போனது. கீழே வந்து நின்று, வெகு நேரம் கழித்து, திரும்பிப் பார்த்தாள். மரங்கள் மட்டும் இருந்தன.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. அவர் சிரிப்பார், இல்லை திட்டுவார், இரண்டில் ஏதாவது ஒன்று செய்தால் மனசு லேசாகும் என்று நினைத்தாள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "கிட்டயா, தூரமா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்தான் முதலில் எழுந்திருப்பார். சைக்கிளைக் கண்டாலே முகம் சுளிக்கிற மனுஷர், சேறு வீட்டுக்குள் வந்தால் அரை நாள் பேசாமல் இருக்கிறவர், அவளுடைய தண்ணீர் பாட்டிலை நிரப்பி வண்டியில் மாட்டி வைப்பார். அவள் திரும்பி வரும்போது வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார்: "வந்தாளா?"

"வந்தா."

"எதுவரைக்கும்?"

"பாலம் வரைக்கும்."

அவ்வளவுதான், உள்ளே போய்விடுவார். சில நாள் பின்னறையிலிருந்து கிர்ர்ர் என்று சத்தம் கேட்கும். சுவரில் தொங்கும் வண்டியின் பின் சக்கரத்தை அவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணி சமையலறையில் கையைத் துடைத்த துணியோடு அப்படியே நிற்பாள். அவளுக்கும் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தாள். அவள் மழையில் நனைந்து வந்தாலும், கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தாலும் அவர் கண்ணில் அது படுவதில்லை. அவர் கண் அவளுடைய தோளுக்கு மேலே, பின்னால் தெருவைப் பார்க்கும். சேதி கொண்டுவருகிற ஆளின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

ஒரு வாரம் சத்தம் வரவில்லை. "இன்னிக்கு வரல" என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு வரை அவர் சாப்பிட்டது பாதி, பேசியது அதிலும் பாதி. மருந்துக்கடையில் யாருக்கோ மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டார், நல்லவேளை அவர்களே பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணி உண்மை பேசுவதை விட்டுவிட்டாள். கேட்டாலும் வந்தா, கேட்காவிட்டாலும் வந்தா. இப்படியே போனதில் எந்த வாரம் கேட்டது, எந்த வாரம் சும்மா சொன்னது என்று அவளுக்கே பிடிபடாமல் போய்விட்டது. முதல் நாள் கேட்டதாவது நிஜமா? பாறையில் தன் சக்கரச் சத்தமே மோதித் திரும்பி வந்ததோ? மதிய இடைவேளையில் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, அவளுடைய மூச்சைத் தவிர.

கடைசியில் தனக்குத் தெரிந்த வழியில் போவது என்று முடிவு செய்தாள். ஒரு காதைச் சோதிக்க வேண்டுமானால் மறு காதை அடைக்க வேண்டும். தன் சக்கரத்தின் வாயைக் கட்டிவிட்டால், அதற்கு மேல் கேட்கிற சத்தம் யாருடையது என்று தெரிந்துபோகும். அதை ஞாயிற்றுக்கிழமைத் தனிச் சவாரியில் செய்து புண்ணியமில்லை. பின்னால் நிஜமாகவே யாராவது வந்தார்களா என்று சொல்ல ஆள் கிடையாது. பந்தயத்தில் செய்ய வேண்டும். அங்கே உச்சியில் ஒருவர் கொடியோடு உட்கார்ந்து, யார் போனார்கள், பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வாலு போனதிலிருந்து எட்டிப் பார்க்காத பந்தயத்துக்கு அண்ணி மறுபடியும் பேர் கொடுத்தாள்.

ஃப்ரீவீலுக்குள் சின்னச் சின்ன இரும்பு நாக்குகள் இருக்கின்றன. மிதிக்கும்போது அவை பல்லைக் கவ்விக்கொண்டு சக்கரத்தைத் தள்ளும். மிதிக்காதபோது பல்லின் மேல் தாவித் தாவி ஓடும். அந்தத் தாவல்தான் சத்தம். கெட்டி கிரீஸை அடைத்துவிட்டால் சத்தம் போகும் என்று அண்ணி கணக்குப் போட்டாள். சைக்கிள் கடைக்காரரிடம் லேசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். குழுவில் அவருக்கு ஸ்பேனர் என்று பேர்.

"ஐயோ அண்ணி, அந்த வேலை மட்டும் வேணாம். ரெண்டு சொட்டு எண்ணெய், அதுக்கு மேல அங்க எதுவும் போகக் கூடாது. கிரீஸ் அடைச்சா நாக்கு ஒட்டிக்கும். குளிர்ல மிதிச்சீங்கன்னா மிதி சும்மா சுத்தும், வண்டி நகராது" என்றார் ஸ்பேனர்.

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் லாரிக்குப் போடுகிற கெட்டி கிரீஸ் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் பிற்பகல், சமையலறை மேஜையில் பழைய துணியை விரித்துச் சக்கரத்தைப் பிரித்தாள். கணவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறாள், எதற்குச் செய்கிறாள் என்று அவள் மறைக்காமல் சொன்னாள்.

"எதுக்கு இந்தச் சோதனையெல்லாம்? வருதுன்னா வருது" என்றார்.

"நிஜமா வருதான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"நீதானே வாரா வாரம் சொல்றே?"

அண்ணி டப்பாவைப் பக்கத்தில் இழுத்தாள். விரலால் கிரீஸை அள்ளி நாக்குகளின் இடுக்கில் திணித்தாள். ஒவ்வொன்றாக மூடிப்போயின. கணவர் கிட்டே வந்து டப்பாவின் மூடியை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"இல்லன்னு தெரிஞ்சா என்கிட்ட சொல்லாதே" என்றார். பிறகு மூடியை மேஜையில் வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனார். சக்கரம் சுற்றுகிற சத்தம் அன்றைக்குக் கேட்கவில்லை.

அவள் வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். வெயிலில் நன்றாகத்தான் ஓடியது. மிதிப்பதை நிறுத்தினால் துளிச் சத்தம் இல்லை.

பந்தயத்தன்று காலை மலையில் மூடுபனி. வாயைத் திறந்தால் புகை. கணவரும் கூட வந்திருந்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக. இஸ்திரி போட்ட பேண்ட், கழுத்தில் மப்ளர், சேற்றில் கால் வைக்க இடம் தேடிக்கொண்டு முடிவுக்கோட்டின் பக்கத்தில் ஒரு பலகைமேல் ஏறி நின்றுகொண்டார். குழுவில் எல்லாரும் வந்து அண்ணியின் முதுகைத் தட்டினார்கள். வாலுவின் பேரை யாரும் எடுக்கவில்லை.

முதல் சுற்று ஒரே கூட்டம். முன்னாலும் பின்னாலும் ஆள், நாலா பக்கமும் சக்கரச் சத்தம், "வழி! வழி!" என்ற கத்தல். அதில் எதையும் பிரித்துக் கேட்க முடியாது. அண்ணி அலட்டிக்கொள்ளவில்லை. முதல் சுற்றுக்குப் பிறகு கூட்டம் சிதறிவிடும், அவரவர் அவரவர் மூச்சோடு தனியாகிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது சுற்றில் அப்படித்தான் ஆனது. உச்சிக்கு ஏறியபோது முன்னால் ஒருத்தர் முதுகு மரங்களுக்குள் மறைந்துகொண்டிருந்தது. மடக்கு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொடியோடு ஒரு வயதான அம்மா. "பின்னாடி யாராவது வர்றாங்களா?" என்று மூச்சு வாங்கியபடியே கேட்டாள் அண்ணி. "வளைவு வரைக்கும் யாரும் இல்லம்மா, நீங்க போங்க" என்றார் கொடிக்கார அம்மா. அண்ணி மிதிப்பதை நிறுத்தினாள். வண்டி இறக்கத்தில் சரிந்தது.

சத்தம் இல்லை.

டயர் ஈர மண்ணில் உரசுவது கேட்டது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. பின்னால் ஒன்றுமே இல்லை. முதல் பாறை, இரண்டாவது வளைவு, வேர்கள் குறுக்கே ஓடும் இடம், வாலு எப்போதும் "ஹோய்" என்று கத்துகிற இடம். ஒன்றுமில்லை. இத்தனை நாளும் அது தன் சக்கரம்தான், பாறையில் மோதித் திரும்பி வந்த தன் சத்தம்தான் என்று அண்ணிக்குப் புரிந்தது. வாலு இரண்டாம் தடவை செத்துப்போன மாதிரி இருந்தது. முதல் தடவையாவது கூட நாலு பேர் இருந்தார்கள்.

கீழே வந்தபோது பலகைமேல் நின்றிருந்தவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டு மூன்றாவது சுற்றுக்குள் நுழைந்துவிட்டாள். நின்றால் சொல்ல வேண்டி வரும். என்ன சொல்வது? இன்னும் ஒரு சுற்று நேரம் இருக்கிறது, அதற்குள் முகத்தைச் சரிசெய்துகொண்டு "வந்தா" என்று சொல்லிவிட வேண்டும், பிறகு சாகிறவரை ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நினைப்பே அவளுக்கு ஏற்றத்தைவிடக் கனமாக இருந்தது. எழுந்து நின்று ஆத்திரம் தீர மிதித்தாள்.

ஸ்பேனர் சொன்னது அப்போதுதான் பலித்தது. குளிரில் கிரீஸ் இறுகி நாக்குகளைப் பிடித்துக்கொண்டது. கால் கீழே போனது, சக்கரம் நகரவில்லை. வெறுங்காற்றை மிதித்தவள்போல அண்ணி முன்னால் பாய்ந்து, முட்டி பாறையில் இடிக்க, வண்டியோடு சாய்ந்தாள். எழுந்து மறுபடி மிதித்துப் பார்த்தாள். மிதி வழுக்கிக்கொண்டு சுற்றியது. கையால் சக்கரத்தைத் தட்டினாள், திட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. வந்தவர்களெல்லாம் "என்னாச்சு அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போனார்கள். கடைசி ஆளும் போன பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

உச்சியில் கொடிக்கார அம்மா கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார். "நீங்கதான் கடைசி. உங்களுக்குப் பின்னாடி யாருமே இல்ல. பாதையை மூடிட்டாங்க. பாத்து மெதுவாப் போங்கம்மா, முட்டியில ரத்தம் வருது" என்றார்.

அண்ணி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இனி மிதிக்க வழியில்லை. உருண்டு போனால் உண்டு. முதல் வளைவு தாண்டியதும் உச்சியும் நாற்காலியும் மறைந்தன.

அப்போது கேட்டது.

மேலே, வெகு தூரத்தில், நீளமாக, கிர்ர்ர். அண்ணியின் சக்கரம் வாயடைத்துக் கிடந்தது. பாறையில் மோதித் திரும்பி வர அவளிடம் ஒரு சத்தமும் இல்லை. பிடரி மயிர் குத்திட்டு நின்றது. பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்த கையைத் தளர்த்த மறந்துபோனாள். சத்தம் வளைவுக்கு வளைவு கிட்டே வந்தது. வேர்கள் இருக்கிற இடத்தில் பாதை கொஞ்சம் சமமாகும். மிதிக்காமல் அங்கே வேகம் செத்துவிடும். அண்ணியின் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது. பின் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால், அவளுக்கு மனப்பாடமான அந்த இடத்தில், பிரேக் முனகியது.

விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, முனகிக்கொண்டே வந்தது. இவ்வளவு மெதுவாகப் போகிறவளைத் தாண்டாமல் வருவது எவ்வளவு பாடு! இருந்தும் வழி கேட்கவில்லை. கேட்கவே மாட்டாள். பொல்லாத பிடிவாதக்காரி.

அண்ணியின் பயம் எல்லாம் போய்விட்டது. வண்டியைப் பாதையின் ஓரத்துக்குத் திருப்பினாள். ஒரு காலை மேட்டில் ஊன்றிக்கொண்டு, வண்டியைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, வழி விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் பாதையைத்தான் பார்த்தாள்.

"போடி. முன்னாடி போ" என்றாள்.

பிரேக் முனகல் நின்றது. கிர்ர்ர் என்ற சத்தம் அவள் முழங்கைப் பக்கம் வந்தது, பிறகு அவளுக்கு முன்னால் கேட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக முன்னால். பாதை வெறுமையாகக் கிடந்தது, சத்தம் மட்டும் அதன் மேல் போனது. வளைவில் குறையவில்லை, பாறையில் தயங்கவில்லை. வாலு இவ்வளவு வேகமாக ஓட்டுவாள் என்று அண்ணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்டுக்கொண்டே நின்றாள், சத்தம் மெலிந்துகொண்டே போகப் போகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் கேட்கிறதா, கேட்ட மாதிரி இருக்கிறதா என்று தெரியாத அளவுக்கு வந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவள் கீழே வந்து சேர்ந்தபோது முடிவுக்கோட்டில் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கணவர் பலகையை விட்டு இறங்கிச் சேற்றில் நின்றிருந்தார். அவர் கண் அவளுடைய தோளுக்கு மேலே மலையைப் பார்த்தது. கேட்க வாய் எடுத்தார், கேட்கவில்லை. சொல்லாதே என்று தானே சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவளே சொன்னாள்.

"வந்தா. வந்து, முன்னாடி போயிட்டா."

"முன்னாடின்னா?"

"என்னைத் தாண்டிப் போயிட்டா. நான் ஒதுங்கி வழி விட்டேன்."

அவர் முகம் கறுத்தது. அவரிடம் அப்படி ஒரு குரலை அவள் கேட்டதில்லை. "யாரைக் கேட்டு விட்டே? ஏன் விட்டே? பின்னாடிதானே வந்துக்கிட்டிருந்தா நம்ம பாப்பா? இருந்துட்டுப் போறா, உனக்கு என்ன?"

"பிரேக் பிடிச்சுக்கிட்டே வந்தா. எனக்காக. அப்பவும் அப்படித்தான் வந்தா, நான் விடல. இன்னும் எத்தனை நாளைக்குங்க அவ பிடிச்சுக்கிட்டே வரணும்?"

அவர் திரும்பினார். முடிவுக்கோட்டுக்கு அப்பால், கார்கள் நிற்கிற வெளியையும் அதற்கு அப்பால் சாலையையும் பார்த்தார். "எவ்வளவு தூரம் போயிருப்பா?" என்று கேட்டார்.

"தெரியல. இப்ப சத்தம் கேக்கல."

அவருடைய தோள் குலுங்கியது. மப்ளரை வாயில் அழுத்திக்கொண்டு, ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற எண்ணம்கூட இல்லாமல் நின்ற இடத்திலேயே அழுதார். அண்ணி வண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அழட்டும் என்று விட்டாள். ரொம்ப நேரம் கழித்து அவர் மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபோது, அவளுடைய கால் கண்ணில் பட்டது.

"முட்டியில என்ன? விழுந்தியா?"

"ஆமா."

"எப்ப? சொல்லவே இல்லையே. உக்காரு, முதல்ல உக்காரு."

அவளைப் பலகைமேல் உட்கார வைத்தார். இஸ்திரி போட்ட பேண்டோடு சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரை ஊற்றிக் காயத்திலிருந்த மண்ணைக் கழுவினார். மருந்துக்கடைக்காரரின் கை, அழுத்தாமல் கழுவியது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "எரியுதா?"

"எரியுது" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு, வாய் கோணிக்கொள்ள, "ரொம்ப எரியுதுங்க" என்று இன்னொரு தடவை சொன்னாள்.